நெருப்பில் போட்ட குங்கிலியம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கிருந்தாவது குங்கிலியப் புகை வந்தால் உங்களுக்குக் கோவில் ஞாபகம் வரும், தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் ஞாபகம் வரும். எனக்குப் பயம் வரும், கை தானாகக் காலைத் தடவிப் பார்க்கும். எழுபது தாண்டிய கிழவிக்குப் புகையைக் கண்டு என்ன பயம் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். நம் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குச் சர்க்கரை, கால் மரத்துப்போய் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டோம். இப்போது சொல்லாவிட்டால் இதை நான் எப்போது சொல்லப்போகிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். வெள்ளைக்காரன் காலம். ஆம்பூரில் தோல் ஷாப்புகளுக்குப் பின்னால், பாலாற்றைப் பார்த்து இறங்கும் தெருவில் எங்கள் வீடு. தோல் ஷாப்பு என்றால் தோல் விற்கிற கடை இல்லை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதம் பண்ணுகிற இடம். அப்பா சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கிறவர். அம்மா பட்டை இடிக்கிறவள். வீட்டைக் கட்டி ஆண்டது அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அத்தை பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அப்பா பேசினால் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது.

எங்கள் தெருவில் புண் இல்லாத கால் கிடையாது. சுண்ணாம்பு தின்ற கால், பட்டைச் சிலாம்பு குத்தி உள்ளே ஏறிய கால், விரலிடுக்கு வெந்த கால். வீட்டுக்கு வந்ததும் சோறு கேட்பதற்கு முன்னால் எல்லாரும் காலைத்தான் தேய்ப்பார்கள். நாற்றமும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் ரயிலடியில் இறங்கியதும் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் வெளியூர் போனால்தான் என்னவோ குறைகிறதே என்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்போம். புண்ணும் நாற்றமும் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புண்களுக்கெல்லாம் மருந்து எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்துப் பெண். மாமா, அம்மாவின் தம்பி, ஜவ்வாது மலைக்காரர்களுக்கு உப்பும் துணியும் கொடுத்துக் குங்கிலியம் வாங்கி வருவார். வருஷத்துக்கு ஒரு மூட்டை அக்காவுக்கு. மற்ற பெண்களுக்குத் தாய்வீட்டுச் சீராகச் சேலை வரும், எங்கள் அம்மாவுக்குக் குங்கிலியம் வந்தது என்று அத்தை கேலி பண்ணுவாள். கேலி பண்ணினாலும் மூட்டையை அவள்தான் பத்திரமாகப் பரண்மேல் ஏற்றுவாள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் மாமா என்னையும் மலைக்குக் கூட்டிப் போனார். போக வேண்டும் என்று அழுதவள் நான்தான், போன பிறகு திரும்ப வேண்டும் என்று அழுதவளும் நான்தான். காடு அப்படி அமைதியாக இருந்தது. பூத்திருந்த குங்கிலிய மரத்தடியில் நின்றோம். வெளுத்த பூ கொட்டிக் கிடந்தது, வாசனை மூச்சை அடைத்தது. அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு வரிவரியாகக் கோடாலி வெட்டு. ஒவ்வொரு வெட்டிலிருந்தும் மஞ்சளாக ஒழுகி, பாதி வழியிலேயே உறைந்து நின்றது பால்.

"மாமா, அதுக்கு வலிக்காதா?"

"வலிக்காமயா. அதான் மருந்து போட்டுக்கினு நிக்குது."

"யாரு போட்டது?"

"அதுவேதான். வெட்டுப்பட்ட எடத்துல தானே ஊத்தி மூடிக்கும். அத நாம பேத்து எடுத்துக்கினு போய் நம்ம புண்ணுக்குப் போட்டுக்கிறோம். திருட்டுதான், இன்னா பண்றது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மரம் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. என் பயத்தைப் போக்க மாமா ஒரு துண்டைப் பெயர்த்துக் கொடுத்தார். புளியங்கொட்டை அளவு, கண்ணாடி மாதிரி. உள்ளே ஒரு எறும்பு, முன்கால் இரண்டையும் தூக்கியபடி மாட்டிக்கொண்டு செத்திருந்தது. அதை ஊர் வந்து சேரும்வரை கையை விட்டு இறக்கவில்லை. பிறகு என் பாவாடை நாடாவின் முனையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அம்மா குங்கிலிய வெண்ணெய் பண்ணுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குங்கிலியத்தை இடித்துச் சலித்து, காய்ந்த நல்லெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி உருக்குவாள். துணியில் வடிகட்டி ஒரு சட்டித் தண்ணீரில் ஊற்றி, கையாலேயே அடித்து அடித்துக் கடைவாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி கடைதல். கறுத்த எண்ணெய் வெளுத்து, திரண்டு, நிஜமாகவே வெண்ணெயாக வந்து நிற்கும். ஒருமுறை வெண்ணெய் என்று நினைத்து நான் நக்கிவிட்டேன், அன்று முழுக்க நாக்கில் கோவில் மணத்தது. தெருப் பெண்கள் கொட்டாங்கச்சியோடு வருவார்கள். அம்மா வழித்து வழித்துக் கொடுப்பாள். மாசியில் வந்த மூட்டையில் பெரிய கட்டி ஒன்றைத் தனியே எடுத்து, அடுத்த வெண்ணெய்க்கு என்று உறியில் வைத்திருந்தாள். பழைய சட்டி வழித்தாகிவிட்டது. புதிதாகப் பண்ண நேரம் வாய்க்கவில்லை.

பங்குனியில் எலி விழுந்தது.

அந்தச் சொல்லைக் கேட்டிராத இளசுகளுக்குச் சொல்கிறேன். பரணிலிருந்து எலி தானாகச் செத்து விழுந்தால் அந்த வீட்டுக்குப் பிளேக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் அரிசி மண்டித் தெருவில் விழுந்தது. பிறகு எங்களுக்கு அடுத்த தெருவில். காய்ச்சல் அடிக்கும், தொடையிடுக்கிலோ அக்குளிலோ கட்டி வரும், அவ்வளவுதான். சுகாதார ஆபீசிலிருந்து சானிட்டரிக்காரர் இரண்டு பியூன்களோடு வீடு வீடாக வருவார். யாராவது படுத்துக் கிடந்தால், கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஆற்று மணலுக்கு அந்தப் பக்கம் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். வீட்டுக் கூரையைப் பிரித்து வெயில் விடுவார்கள். அப்பாவோடு குழியில் நின்ற ஒருவரை அப்படிக் கொண்டுபோனார்கள். அவர் பெண்டாட்டி தினமும் இக்கரையில் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அக்கரையிலிருந்து ஒரு நாள் யாரும் கை ஆட்டவில்லை. நான் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் என் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

சித்திரை பிறந்த சமயம் அம்மா வேலையிலிருந்து பாதியில் வந்து சுருண்டு படுத்தாள். உடம்பு கொதித்தது. அத்தை கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் புடவை மாற்றிவிடும்போது அத்தையின் கை நின்றது. அம்மாவின் தொடையிடுக்கில் நெல்லிக்காய் பருமனுக்கு ஒரு வீக்கம். அத்தை எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். தெருக்கோடி வரை கேட்கிற குரல் அன்றைக்கு எனக்கே கேட்காத அளவுக்குச் சன்னமாகிவிட்டது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

அப்பா வந்ததும் அடுப்பங்கரையில் வைத்துச் சொன்னாள்.

"தம்பி, அதுதாண்டா வந்திருக்குது."

அப்பா தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தார். "கொட்டாய்க்குத் தூக்கினு போய்டுவானுங்களே அக்கா."

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் எவனும் தூக்க முடியாது. குங்கிலியம் மூட்டை இருக்குது. அது எரியற வீட்ல எந்த நோவும் தங்காது. நான் பாத்துக்கிறேன். நீ வேலைக்குப் போ, போகலேன்னா சந்தேகப்படுவானுங்க."

அத்தை சொன்னால் சொன்னதுதான். தணல் சட்டி அம்மாவின் தலைமாட்டில் ஏறியது. அன்றிலிருந்து அது அணையவே இல்லை. சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது, அதைச் சாக்கால் அடைத்தாள். அறைக்குள் போனால் புகையில் அம்மா முகம் தெரியாது. இருமல் சத்தத்தை வைத்துத்தான் அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். கண் எரியும், நெஞ்சு காந்தும், ஆனாலும் வெளியே வந்துவிட்டால் அம்மா செத்துப்போய்விடுவாள் என்று கதவோரமே உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் அந்தப் புகையே எங்களைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புகை போடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் காலையும் மாலையும் தாய்க்கும் பிள்ளைக்கும் போடுவார்கள். மற்றபடி வேளைகெட்ட வேளையில் ஒரு வீட்டிலிருந்து குங்கிலியப் புகை வந்தால் அங்கே ஆள் படுத்திருக்கிறது என்று அர்த்தம். சானிட்டரிக்காரரின் பியூன்களும் நம் ஊர்க்காரர்கள்தானே, இது தெரியாதா. கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். தெருமுனை வீட்டில் அப்படித்தான் ஒரு கிழவரைப் பிடித்தார்கள்.

புகையை நிறுத்து என்று அப்பா கெஞ்சினார். நிறுத்தினால் அவள் பிழைக்க மாட்டாள் என்றாள் அத்தை. பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இவ்வளவு வருஷம் கழித்தும் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்சந்தில் வண்டிக்காரர் பெண்டாட்டி ஒருத்தி இருந்தாள். நான் அவளைப் பின்வீட்டு அக்கா என்பேன். அவளுக்குத் தலைப்பிள்ளை, ஆண், பிறந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. அத்தை அவளிடம் போய்ப் பிள்ளையை இரவல் கேட்டாள்.

"என் தம்பி பொண்டாட்டி பிள்ள பெத்திருக்கான்னு சொல்லிக்கிறேன். பகல்ல மட்டும் குடு. பால் குடுக்கற நேரத்துக்கு நீயே பின்னால வந்து குடுத்துட்டுப் போ."

அக்கா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணிக்கு இன்னா ஜொரம்? நெஜத்த சொல்லு."

"சாதா ஜொரம்தான். கொட்டாய்க்குப் போய்ட்டா சாதா ஜொரமும் அங்க அதுவாயிடும். அந்தப் புகையில எதுவும் ஒட்டாதும்மே. ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்கும் தெரியும்தான். எங்கள் தெருவில் அதை நம்பாதவர்கள் இல்லை. பேறுகாலத்தில் வெடித்த அவள் காம்புக்கு அம்மாதான் குங்கிலிய வெண்ணெய் போட்டு ஆற்றினாள். அவள் பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்து என் கையில் வைத்தாள். கொடுத்த பிறகும் அதன் காலைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. நான்தான் மெல்ல இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு எங்கள் வீடு பிள்ளை பெற்ற வீடாயிற்று. வாசலில் வேப்பிலை. அம்மாவின் காதைச் சுற்றித் துணி, தலையில் துணி. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாதே, அதனால் முழங்கால் வரைக்கும் பழைய சேலையைக் கிழித்து இரண்டு காலையும் இறுக்கிச் சுற்றினாள் அத்தை. அம்மாவுக்கு ஒரு மாதமும் வயிறு தெரிந்ததில்லை என்பது தெரு முழுக்கத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல், பத்தியத்துக்கு என்று பூண்டுக் குழம்பு வைத்து ஒருத்தி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். தெருவே சேர்ந்து பொய் சொன்னது. இன்றைக்கும் அந்தக் குழம்பை நினைத்தால் எனக்கு அழுகை வரும்.

என் வேலை குழந்தையைப் பார்த்துக்கொள்வது. அது அழ வேண்டிய சமயத்தில் சிரித்தது, சிரித்தால் வெளியில் கேட்காதே என்று அத்தை அதன் தொடையைக் கிள்ளுவாள். அது அழும்போது நானும் அழுவேன். அம்மாவின் மூச்சு அதன்மேல் படாமல் நடுவில் நான் உட்கார்ந்துகொள்வேன். அம்மாவிடமிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்ற நினைப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் அக்குளைத் தடவிப் பார்ப்பேன், பிறகு தொடையிடுக்கை, பிறகு என்னுடையதை. பின்வீட்டு அக்கா பால் கொடுக்க வரும்போது அவளும் அதையே செய்வாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

அம்மா பிதற்றினாள். பட்டை அளவு குறைகிறது என்றாள், மாமாவைக் கூப்பிட்டாள். ஒரு முறை அத்தையிடம் தெளிவாகவே பேசினாள்.

"அண்ணி, காலு எரியுது. அவுத்து வுடு."

"ஜொரத்துல எரியுது. பொறுத்துக்க."

"காலுதான் அண்ணி."

"யாருக்குத்தான் இங்க காலு எரியல," என்று சொல்லிக்கொண்டே அத்தை துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். அதட்டிச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள்.

மூட்டை குறைந்தது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எலி விழுந்த ஊருக்குள் வர யாருக்கும் துணிச்சல் இல்லாத காலம், சேதி போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியவில்லை. மூட்டையை உதறிப் போட்டாகிவிட்டது. உறியில் இருந்த பெரிய கட்டியை அத்தை இறக்கினாள்.

"அது வெண்ணெய்க்கு வச்சது," என்றார் அப்பா.

"உயிரு இருந்தாத்தானேடா காலு. வெண்ணெய அப்பறமா பண்ணிக்கலாம்."

அம்மிக் குழவியால் அதை உடைத்தாள். அதுவும் எரிந்து தீர்ந்தது. அத்தை தணலைக் கிளறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. என் நாடா முடிச்சில் இருப்பது அவளுக்குத் தெரியும். நான் அவிழ்த்தேன்.

"இத போட்டா அம்மாவுக்கு நல்லாயிடுமா?"

"ஆயிடும். போடு."

போட்டேன். எறும்பு கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு எல்லாம் உருகிக் குமிழி விட்டு, மற்றதைப் போலவே புகையாகப் போனது. நான் அதற்காக வருத்தப்படவில்லை. அம்மாவுக்கு நல்லாகிவிடும் என்று முழுசாக நம்பினேன்.

அந்தப் புகை அடங்குவதற்கு முன்னால் சானிட்டரிக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். அதற்கு முன்பும் வந்தவர்தான். பிள்ளை பெற்ற வீடு என்றதும் தீட்டுக்குப் பயந்து வாசலோடு போனவர். இந்த முறை ஒரு நர்சம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அந்தச் சித்திரையில் ஊரில் பிள்ளை பெற்ற வீடுகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன போலிருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடித்தவள் அத்தை மட்டும் இல்லை என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது.

நர்சம்மா நம் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது. குனிந்து உள்ளே வந்தாள். வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது.

"கொழந்த எப்பம்மா பொறந்துது?"

"போன வாரம்," என்றாள் அத்தை.

என் மடியில் இருந்த குழந்தை அந்த நேரம் பார்த்துத் தலையை நன்றாக நிமிர்த்தி நர்சம்மாவைப் பார்த்துச் சிரித்தது. போன வாரம் பிறந்தது எங்காவது கழுத்து நின்று சிரிக்குமா. நர்சம்மா அதையும் என்னையும் பார்த்தாள். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். இதோ பியூன்கள் வருகிறார்கள், கட்டிலைத் தூக்குகிறார்கள், அக்கரையிலிருந்து அம்மா கை ஆட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. "மொதல்ல இந்தச் சட்டிய வெளிய எடுங்க. ஜன்னல் எங்க இருக்குது?" என்றாள்.

அவளே சாக்கைப் பிடுங்கினாள். காற்று வந்தது. புகை மெல்ல மெல்ல வெளியே போயிற்று. இத்தனை நாளில் முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அது அம்மாவின் முகமாகவே இல்லை. புகை போன இடத்தில் வேறொரு நாற்றம் நின்றது. தோல் நாற்றம் இல்லை, அது எங்களுக்குத் தெரியும். இது வேறு. அத்தையின் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். நர்சம்மா தலைமாட்டிலிருந்து நேராகக் கால்மாட்டுக்குப் போனாள்.

வலது காலின் துணி சதையோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் கேட்டு, நனைத்து நனைத்து எடுத்தாள். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் சிலாம்பு ஏறிய இடம். அங்கிருந்து கணுக்கால் வரைக்கும் கறுத்துப் போயிருந்தது. அதற்கு மேலே சிவப்பாக ஒரு கோடு தொடைப் பக்கம் ஏறியிருந்தது. அவள் தொடையிடுக்கையும் அழுத்திப் பார்த்தாள்.

"இது பிளேக்கு இல்லம்மா. கால்ல புண்ணு, அதனால நெறி கட்டியிருக்குது."

அத்தை சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். "பிளேக்கு இல்லியா? நெறிதானா? தம்பி, கேட்டியாடா, நெறிதானாம்!" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற பழைய குரலில் கத்தினாள். நெறி கட்டுவது எங்கள் தெருவில் ஜலதோஷம் மாதிரி. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், வெண்ணெய் போட்டால் இறங்கிவிடும். எட்டு வயதான எனக்கே தெரியும். அந்த வருஷம் மட்டும் அது யாருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. எலி விழுந்த பிறகு எல்லார் கண்ணும் கட்டியைத்தான் தேடியது, காலை ஒருவரும் பார்க்கவில்லை.

"சந்தோஷப்படாதீங்கம்மா," என்றாள் நர்சம்மா. "வெஷம் மேல ஏறிடுச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். வண்டியில போற வரைக்கும் புண்ண மூடணும். குங்கிலிய வெண்ணெய் எடுத்தாங்க. தோல் ஷாப்பு வீட்ல இல்லாம இருக்காதே."

அப்பா வெறும் உறியைப் பார்த்தார். "வெண்ணெய் இல்லேன்னா குங்கிலியமாச்சும் குடுங்க, எண்ணெயில உருக்கிக்கிறேன்," என்றாள்.

அத்தை வாசலில் கிடந்த தணல் சட்டியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினாள், கை சுட்டது, அதை அவள் உணரவில்லை. நான் என் நாடா முடிச்சைத் தடவினேன். அதில் ஒன்றும் இல்லை.

பின்வீட்டு அக்கா அதுவரை சந்தில் ஒளிந்து நின்றிருந்தாள். அவள் ஓடிப்போய்த் தன் கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்தாள், அம்மா கொடுத்ததில் அடியில் ஒட்டியிருந்தது கொஞ்சம். விரலால் வழித்து நர்சம்மா பூசினாள். உள்ளங்காலுக்குக்கூட அது போதவில்லை. அக்காவின் புருஷன்தான் வண்டி கட்டினார். அம்மா என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கண் திறந்துதான் இருந்தது. அக்கா என் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, அதன் உடம்பு முழுக்கத் தடவித் தடவிப் பார்த்து, வண்டி மறைகிற வரைக்கும் விம்மிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். எடுத்தும் அம்மா தங்கவில்லை. அங்கேயே அடக்கம் முடித்துவிட்டு அப்பா வெறும் வண்டியில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் சாவுக்குப் புகை போட ஒரு பொட்டுக் குங்கிலியம் இல்லை. தெருவில்தான் வாங்கிப் போட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு மாமா வந்தார், தோளில் முழு மூட்டையோடு. சேதி அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்திருந்தது. வாசலில் நின்று அக்கா என்று கூப்பிட்டார். மூட்டையை இறக்காமலே நின்றார். அத்தை போய் அதை வாங்கினாள். அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் அத்தை எண்ணெயைக் காயவைத்துக் குங்கிலியத்தைக் கொட்டினாள். அவளுக்குக் கைப்பக்குவம் கிடையாது. முதல் சட்டி கருகிற்று, இரண்டாவது திரளவில்லை. தோள் வலிக்க வலிக்கக் கடைந்து கடைந்து கடைசியில் வெளுக்க வைத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா ஷாப்பிலிருந்து வந்ததும், "காலக் காட்டுடா," என்றாள். அப்பா வேண்டாம் என்று பின்வாங்கினார். அவள் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாள். அம்மா செத்ததற்கு அழாத அப்பா அப்போது அழுதார். பிறகு என் காலைப் பார்த்தாள். பிறகு தெருப்பிள்ளைகள், பட்டை இடிக்கிற பெண்கள், வண்டிக்காரர். யார் எங்கள் வாசலைத் தாண்டினாலும் அத்தைக்குக் காலைக் காட்டாமல் போக முடியாது. வெள்ளிக்கிழமை புகையை மட்டும் எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டாள். வெண்ணெய் எப்போதும் சட்டி நிறைய இருந்தது.

நான் கல்யாணமாகிக் குடியாத்தம் போனேன். புருஷன் தறிக்காரர், எங்கள் வீட்டில் தோலும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. ஆனாலும் ஆம்பூர் வந்தால் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் அத்தையின் குரல் வரும், காலக் காட்டு என்று. அவளுக்குக் கண் போன பிறகு விரலால் பார்த்தாள். உள்ளங்காலைச் சுற்றி, குதிகாலில் வெடிப்பைத் தடவி, விரலிடுக்கில் தன் சுண்டுவிரலை விட்டு நிதானமாகப் பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் அம்மாவைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

கடைசியாக நான் போயிருந்தபோது அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. படுத்தபடியே கையை நீட்டினாள். கட்டில் விளிம்பில் காலைத் தூக்கி வைத்தேன். வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல," என்றாள். வழக்கமாக அதோடு விட்டுவிடுவாள். அன்றைக்கு விடவில்லை. என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"காலு எரியுதுன்னு சொன்னா, பாப்பா," என்றாள். "சொல்லத்தான் சொன்னா."